கூடாரத்தை எங்கே போடுவது என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குப் பிள்ளைகளோடு போகும்போது கூடாரத்தை எங்கே போடுவது என்று நேற்று நீ போனில் கேட்டபோது, "அப்புறம் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதுதான் காரணம். லெ மான் என்று வாயெடுத்தாலே அவளுக்கு அந்த ஜெனரேட்டர் ஞாபகம் வந்துவிடும். 1999 பந்தயம் என்றால் ஊருக்கெல்லாம் நினைவிருப்பது மெர்சிடிஸ் கார் காற்றில் எழும்பிப் பறந்து மரங்களுக்கு நடுவே போய் விழுந்ததுதான். ஓட்டியவர் பிழைத்தது தெய்வச் செயல். அம்மாவுக்கோ அந்த வருடம் என்றால் பக்கத்துக் கூடாரத்து ஜெனரேட்டர்.

உனக்கு அப்போது எட்டு வயது. எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது, அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை விரித்து, பந்தயப் பாதைக்கு எது பக்கம் என்று மட்டும் பார்த்து இடம் பிடித்தேன். கூடாரத்திலிருந்து தலையை நீட்டினால் கார் தெரியும் என்று பெருமை வேறு. கார் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஒரு பக்கம் அந்த ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் விடிய விடியப் பாட்டு. கழிப்பறை போகும் வழியெல்லாம் சேறு. அதிகாலை மூன்று மணிக்கு அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு நம் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பகலில் எது தெரியும் என்று பார்த்து இடம் எடுக்காதே. அந்த மூன்று மணியை மனதில் வைத்து எடு.

பந்தயம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முடிகிறது. ஜூன் மாதம் அங்கே பொழுது சாய இரவு பத்து மணி ஆகும், காலை ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். பெரியவன் இருட்டில் கார் விளக்குகளைப் பார்க்காமல் வரமாட்டான். 2025-ல் ஜெயித்த அந்த மஞ்சள் ஃபெராரியைப் பற்றி என்னிடமே அரைமணி நேரம் பேசியவன் ஆயிற்றே. ஆக, நீங்கள் கூடாரத்துக்குத் திரும்ப எப்படியும் பதினொன்று தாண்டும். சின்னவள் மாப்பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள், பெரியவன் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பான். அந்த நடை எவ்வளவு தூரம், வழியில் வெளிச்சம் உண்டா, எங்காவது சாலையைக் கடக்க வேண்டுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரொம்பப் பக்கமும் வேண்டாம், ரொம்பத் தூரமும் வேண்டாம். இருபது நிமிட நடை என்றால் நான் எடுத்துவிடுவேன். மாப்பிள்ளை பத்து நிமிடம் என்பார். அவர் தோள், அவர் முடிவு.

பக்கத்தில் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தூக்கம் மட்டும் இல்லை. காதுக்கு 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைகளில் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்தே நிமிடம். இது வளர்ந்தவர்களின் காதுக்குச் சொன்னது. பாதையோரத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்குத் தலையைச் சுற்றிப் போடும் காதுமூடி இருந்தால் போதும், சிறு பிள்ளைகளின் காதில் திணிக்கும் பஞ்செல்லாம் சரியாக நிற்காது. ஆனால் மூன்று வயதுக் குழந்தை காதுமூடியோடு எப்படித் திரும்பிப் படுக்கும்? அவள் காதுக்கு ஓய்வு கிடைக்கிற இடம் கூடாரம் ஒன்றுதான். அங்கேயும் சத்தம் துரத்திவந்தால் என்ன செய்வாய்? பந்தயத்தில் ஓடும் கேடிலாக் காரின் எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் போகும் சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். எனக்கு அது சங்கீதம், அவளுக்கு அது பூதம்.

அடுத்தது அண்டை அயல். வருடாவருடம் அதே இடத்துக்கு வரும் பிரிட்டன்காரர்களும் டென்மார்க்காரர்களும் அங்கே ஏராளம். பார் மேஜை, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கெட்டவர்கள் இல்லை. நம் ஜெனரேட்டர்க்காரர்கள்கூட மறுநாள் காலை உனக்கு ஒரு கொடி கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கொண்டாட வந்தவர்கள். முன்பதிவு செய்யும்போதே, குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய பகுதி உண்டா, ஜெனரேட்டரும் பாட்டும் எத்தனை மணியோடு நிற்க வேண்டும், இரவில் கண்காணிக்க ஆள் இருப்பார்களா என்று எழுத்தில் கேள். "அமைதியான முகாம்" என்று மொட்டையாகப் பதில் வந்தால் நம்பாதே, மணியைக் கேள்.

முடிந்தால் புதன்கிழமையே போய்விடுங்கள். புதனும் வியாழனும், எந்தக் கார் முன்னால் நின்று கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்றும், பயிற்சியும் இரவு வரை நடக்கும், அப்போதே பிள்ளைகளுக்குச் சத்தம் பழகும். இடம் நீங்களே தேர்ந்துகொள்ளும் முகாமாக இருந்தால், கூடாரத்தை விரிக்கும் முன் ஒரு சுற்று நடந்து பார். வாசலில் சின்னச் செருப்பும் குட்டி சைக்கிளும் கிடக்கிற கூடாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். கழிப்பறைக்கு ஒரு வரிசை தள்ளி இரு. ஒட்டியே இருந்தால் வாடையும் விளக்கும் கதவு அடிக்கிற சத்தமும் வரும். தூரத்தில் இருந்தால் நடுராத்திரியில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நீதான்.

தரை சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம் எடு. ஜூன் என்று அலட்சியமாக இருக்காதே. 2024-ல் இரவு பெய்த மழையில் ஆபத்தான நேரத்தில் முன்னால் மெதுவாகப் போய் எல்லோரையும் அடக்கிவைக்கும் பாதுகாப்பு கார் பின்னாலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் எல்லாக் கார்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. டிவியில் பார்த்த எனக்குப் பள்ளத்தில் கூடாரம் போட்டவர்களின் நினைப்புதான். மழை வந்தால் எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துவராதீர்கள். தணல் அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்ஸைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு வாடையே கிடையாது. இதை மாப்பிள்ளையிடம் தனியாகவும் சொல்லு.

முகாம் சீட்டு வேறு, பந்தயத்துக்கான நுழைவுச்சீட்டு வேறு. இரண்டும் கையில் இருக்கட்டும். பாதையின் பெரும்பகுதி மற்ற நாட்களில் பொதுச் சாலைதான். அதனால் கார்கள் ஓடும் நேரத்தில் அந்தச் சாலைகள் மூடியிருக்கும், காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்வரலாம் என்ற கணக்கெல்லாம் பலிக்காது. ஊருக்குள் போக ட்ராம் இருக்கிறது, நாம் போனபோது இல்லை. வெள்ளிக்கிழமை ஓட்டுநர்களின் ஊர்வலம் நகருக்குள்தான் நடக்கும். பெரியவனுக்குப் பந்தயத்தைவிட அது பிடித்துப்போனாலும் போகும்.

பிள்ளைகளின் மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணோடு முகாம் பெயரையும் இடத்து எண்ணையும் எழுதிவிடு. கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரிய ராட்டினம் இருக்கிறது, இரவில் விளக்கெரியும், எங்கிருந்தும் தெரியும். நம் அடையாளமும் அதுதான். நீ ஒரு தடவை அங்கே தனியாகப் போய் நின்றிருக்கிறாய், அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிறு முடிந்ததும் கிளம்பாதீர்கள், எல்லோரும் கிளம்புவார்கள். முகாம் திங்கள் வரை திறந்திருக்கிறதா என்று பார்த்து, அன்றிரவும் தூங்கிவிட்டு வாருங்கள்.

உன் சிவப்புக் காதுமூடி பரணில் இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், உள்ளே இருந்த ஸ்பாஞ்சு உதிர்ந்துவிட்டது, சத்தத்தைத் தடுக்காது. பிள்ளைகளுக்குப் புதிதாக வாங்கிவிடு. பழையதை பெரியவன் விளையாட அனுப்புகிறேன். அம்மா ஏதோ தனியாக எழுதிக்கொண்டிருக்கிறாள், அதையும் இதோடு வைக்கிறேன். வீட்டிலேயே இருங்கள் என்றுதான் எழுதியிருப்பாள்.

அன்புடன்,
அப்பா