நான்கு தவணை விதைப்பு வேண்டாம், கோபால்

அன்புள்ள கோபால்,

இங்கே எல்லோரும் நலம். உன் பட்டாணித் திட்டத்தைப் படித்ததும் கை சும்மா இருக்க மறுக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆர்க்கெல் என்ற ஒரே ரகத்தை வாங்கி, குளிர் விலகும் சமயத்தில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு தவணையாக விதைத்தால் இரண்டு மாதம் காய் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பட்டாணி அந்தக் கணக்குக்கு அடங்காது. மண் 5 டிகிரியில் இருந்தால் முளை வெளியே வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 10 டிகிரியில் இரண்டு வாரம் போதும். 20 டிகிரியில் ஒரு வாரம். முதல் தவணை குளிரில் சுணங்கிக் கிடக்கும்போது பின்னால் போட்டது வெதுவெதுப்பில் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். விதைப்பில் இருந்த இரண்டு வார இடைவெளி, பறிக்கும்போது சில நாளாகச் சுருங்கிவிடும். கடைசித் தவணையின் நிலைமை இன்னும் மோசம். அது பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் பூ உதிரும், பிடித்த காயிலும் மணி நிறையாது.

அதனால் ஒரே நாளில் விதை, ரகத்தை மாற்று. முந்தி, நடு, பிந்தி என்று மூன்று ரகம் போதும். குளிரை நோக்கிப் போகும் பருவத்தில் விதைக்கிறாய் என்றால் கதை தலைகீழ். அங்கே சில நாள் இடைவெளியே அறுவடையில் வாரக்கணக்காக நீளும்.

முந்திக்கு ஆர்க்கெல் நல்ல தேர்வுதான், அது இருக்கட்டும். தோலோடு தின்னப் பிடிக்குமென்றால் சுகர் ஆன்; இரண்டடிச் செடி, விதைத்துச் சுமார் 55 நாளில் காய். நடுவுக்கு லிங்கன், 65 முதல் 70 நாள். வெயில் முந்திக்கொள்ளும் இடமானால் லிங்கனுக்குப் பதில் வாண்டோ போடு, சூட்டை ஓரளவு தாங்கும். பிந்திக்கு ஆறடி ஏறும் ஆல்டர்மன், 75 நாளுக்கு மேல். பருவக் கடைசியில் இலையில் சாம்பல் நோய் படியும் என்பதால், அதை எதிர்க்கும் ஓரிகன் சுகர் பாட் 2 ஒரு வரிசை இருப்பது நல்லது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கை அப்படியே நம்பாதே. எது முன், எது பின் என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்.

இந்த வித்தியாசத்தை நீயே கண்ணால் பார்க்கலாம். அடியிலிருந்து கணுக்களை எண்ணிக்கொண்டு போ. முந்தி ரகம் பத்தாவது கணுவை ஒட்டியே பூவெடுத்துவிடும். பிந்தி ரகம் பதினைந்தை நெருங்கும்வரை வெறும் இலையாகவே வளரும். குட்டை ரகம் இரண்டு வாரத்தில் காய்த்து ஓய்ந்துவிடும். நெட்டைக் கொடிதான் நின்று காய்க்கும். ஆகவே இடத்தில் பாதியை நெட்டைக்குக் கொடு, மீதியை மற்ற இரண்டுக்கும் பகிர். நெட்டையின் நிழல் குட்டை மேல் விழாமல் பார்த்துக்கொள்.

ஆழம் 3 செ.மீ., விதைக்கு விதை 5 செ.மீ. பந்தலை விதைக்கும் அன்றே கட்டிவிடு, பிறகு குச்சி ஊன்றினால் வேர் அறுபடும். கொடி பற்றி ஏற நீட்டும் சுருளான பற்றுக்கம்பி மெல்லியது, விரல் பருமன் மூங்கிலைச் சுற்ற அதற்கு நீளம் போதாது. நூல் வலைதான் சரி. பட்டாணியே காணாத மண் என்றால் விதையில் ரைசோபியம் (வேரில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர்) கலந்து போடு. தயவுசெய்து யூரியா போடாதே! இலை தளதளவென்று வரும், காய் வராது.

பறிப்பதில் சோம்பல் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறி. முற்றிய காய் கொடியில் தங்கினால் செடி புதுப் பூவைக் குறைத்துவிடும். அங்கேதான் பலருடைய அறுவடை பாதியில் நிற்கிறது. ஒரு கையால் கொடியைப் பிடித்து மறு கையால் காயைக் கிள்ளு, இழுத்தால் தண்டு முறியும். பறித்த கணத்திலிருந்து சர்க்கரை மாவுச்சத்தாக மாற ஆரம்பிக்கும், அன்றே சமைத்துவிடு.

பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ரகம் கலந்துவிடுமோ என்று பயந்திருந்தாயே, அந்தக் கவலை வேண்டாம். பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. பட்டாணியை வைத்து மரபுவழிக் குணங்களை ஆராய்ந்த மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வுக்கு இந்தக் குணம் பெரிய வசதியாக இருந்தது. அவர் எடுத்துக்கொண்ட ஏழு குணங்களில் நெட்டை குட்டையும், விதை உருண்டையா சுருங்கியதா என்பதும் உண்டு. சுருங்கிய விதைதான் இனிப்பு. உருண்டை விதை குளிர்ந்த ஈர மண்ணில் அழுகாமல் தாக்குப்பிடிக்கும். விதைக்கென்று ரகத்துக்கு இரண்டு செடியைத் துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றில் மட்டும் கை வைக்காதே. காய் பழுப்பாகி உள்ளே மணி கலகலக்கும்போது எடு.

வலை எத்தனை அடி கட்ட இடமிருக்கிறது என்று அளந்து எழுது. விதை அளவைச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு