தகட்டின் அடியில் உள்ள ஆண்டையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த டெக்சஸ் பயணக் கட்டுரையில், டாலஸைத் தாண்டி மேற்கே போனால் வெறும் புல்வெளிதான், பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார்கள். வேலை நிமித்தம் அந்தச் சாலைகளில் அடிக்கடி கார் ஓட்டுகிறவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

டெக்சஸில் அரசு நிறுவிய வரலாற்றுக் குறிப்புப் பலகைகள் 16,000க்கும் மேல் உள்ளன. கம்பத்தின் மேல் அலுமினியத் தகடு, கறுப்பில் வெள்ளி நிற எழுத்துகள் புடைத்து நிற்கும். அடியில் அதை வைத்த ஆண்டு இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மெக்சிகோவிடமிருந்து டெக்சஸ் பெற்ற விடுதலையின் நூற்றாண்டான 1936இல் வைத்தவை கருங்கற்கள். அவற்றின் குரலே வேறு, எல்லாம் குடியேறியவர்களின் வீரம்.

டாலஸுக்கு மேற்கே உள்ள யங் கவுண்டியையே (நம் மாவட்டம் போல) எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் வெள்ளையர் குடியேற்றத்தின் எல்லை அது. 1851இல் பெல்க்னாப் கோட்டை எழுந்த இடம். 1871 மே 18 அன்று, ராணுவக் கோட்டைகளுக்குச் சரக்கு கொண்டுபோன ஒப்பந்தக்காரர் வாரனின் வண்டிகளைக் கயோவா என்ற பழங்குடியின் வீரர்கள் அங்கே தாக்கினார்கள். வண்டியோடு போன 12 பேரில் 7 பேர் இறந்தார்கள். கயோவா தலைவர்கள் சடாண்டாவுக்கும் பிக் ட்ரீக்கும் ஜாக்ஸ்பரோ நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஊர் மாடுகளை மீட்கப் போய் மடிந்தவனுக்கு நட்ட நடுகல் போலத்தான் இப்படிப்பட்ட சம்பவத்துக்கு வைக்கும் நினைவுக்கல்லும். விழுந்தவனின் பக்கம் நின்று பேசும். அதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டுக் காரில் ஏறினால் கதை பாதிதான்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே கவுண்டியில் நடந்ததைக் கேளுங்கள். பிராசோஸ் ஆற்றங்கரையில் 1854இல் பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில் காடோ, வேக்கோ, டொன்கவா மக்கள் பயிர் செய்து வாழ்ந்தார்கள். கமான்சே என்ற இன்னொரு பழங்குடிக்கு எதிரான சண்டையில் டெக்சஸ் படையோடு சேர்ந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அப்படியும் சுற்றியிருந்த குடியேறிகள் விடவில்லை; நடந்த கொள்ளைக்கெல்லாம் அவர்கள் மேலேயே பழி போட்டார்கள். 1859இல் எல்லோரையும் டெக்சஸின் வட எல்லையான ரெட் ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். வழித்துணையாகப் போன அதிகாரி ராபர்ட் நெய்பர்ஸ், திரும்பி வந்தபோது செப்டம்பர் 14 அன்று பெல்க்னாப் ஊரில் முதுகில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் ஒரு வெள்ளைக்காரன். அந்த மக்களுக்காகப் பரிந்து பேசியதுதான் அவர் மேல் இருந்த கோபம். இதைப் படித்த பிறகு 1871ஐ என்னால் முன்போல் படிக்க முடியவில்லை.

விடுபட்ட கதைகளுக்கென்றே மாநில வரலாற்று ஆணையம் தனித் திட்டம் வைத்திருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆதாரங்களோடு யாரும் விண்ணப்பிக்கலாம். அங்கே வாழும் நம் வாசகர்களுக்கும் அது பொருந்தும்.

அடுத்த முறை டெக்சஸ் பயணம் பற்றி வெளியிடும்போது, பெல்க்னாப் கோட்டைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். டாலஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
டெக்சஸில் வாழும் ஒரு வாசகன்