களப்புக்கரையில் காணி வாங்குவோர் கார்த்திகையில் வந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் உறவினர் பலர் முல்லைத்தீவு மாவட்டத்தின் நந்திக்கடல், நாயாறு ஆகிய கடலோரக் களப்புகளின் கரையோரம் காணி தேடித் திரிகிறார்கள். ஓய்வுக் காலத்தில் பன்னிரண்டு மாதமும் இங்கேயே இருப்பதற்குச் சிறிய வீடொன்று கட்ட வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். அவர்கள் ஊர் திரும்புவதை நான் மனதார வரவேற்கிறேன். காணி பார்க்கும் பருவம்தான் பிழை.

கனடாவிலிருக்கும் என் மைத்துனர் சென்ற ஆவணியில் வட்டுவாகலுக்கு அண்மையில் ஒரு துண்டுக் காணிக்கு முற்பணம் கொடுக்க ஆயத்தமாகிவிட்டார். கனடாவில் ஏரிக்கரையில் வீடு வாங்குபவர், குளிர் காலத்தில் உறையாத ஆழத்தில் தண்ணீர்க் குழாய் புதைக்கப்பட்டிருக்கிறதா, பனி கொட்டினால் பாதையைத் துப்புரவாக்க யாராவது வருவார்களா என்றெல்லாம் விசாரித்த பின்பே கையொப்பமிடுவார் என்று சொன்னவரும் அவரே. அதே கேள்விகளை எங்கள் மாரிக்கு ஏற்ப மாற்றி இங்கே கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

கோடையில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும் தரவை வெளி, ஐப்பசி தொடங்கி மழை விழுந்து, களப்பு நிறைந்து, முகத்துவாரத்து மணல் மேடு உடைந்து தண்ணீர் கடலுக்கு வடியும்வரை, களப்பின் ஒரு பகுதியாகவே இருக்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள் பட்ட பாட்டை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கிணற்று நீரையும் ஒரு பருவத்தில் மட்டும் குடித்துப் பார்த்து முடிவெடுக்கலாகாது. மணற்பாங்கான கரையில் நன்னீர், உவர் நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மாரி முடிந்த கையோடு இனிக்கும் கிணறு, மோட்டார் பூட்டி அளவுக்கு மேல் இறைத்தால் கோடையில் உவர்ந்துவிடும்.

காணியின் சட்ட நிலையைப் பற்றித் தரகர்கள் வாய் திறப்பதில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட பெர்மிட் (அரச அனுமதிப்பத்திர) காணியை, சொந்த உறுதிப் பத்திரமுள்ள காணியைப் போல விற்கவோ வாங்கவோ முடியாது. இலங்கைக் குடியுரிமையை விட்டவர்களின் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் சட்டம் மட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. கடலின் உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயம் ஆதலால், அங்கே கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். போதாததற்கு, நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆகவே நில அளவை வரைபடத்தை எல்லைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் விசாரித்த பின்பே நொத்தாரிசிடம் போக வேண்டும்.

வாங்கியவர்கள் முதலில் செய்வது கம்பி வேலி அடைப்பதுதான். இறால் பிடிக்கத் தலைமுறைகளாக நடந்த ஒற்றையடிப் பாதை அதற்குள் அகப்பட்டுப்போனால், அயலோடு வரும் பகை வீடு முடியுமுன்பே தொடங்கிவிடும்.

மாரி வெள்ளம் எதுவரை ஏறும் என்பதை ஒவ்வொரு பிரிவிலும் கல் நட்டுக் காட்டுமாறு பிரதேச செயலகங்களை வேண்டுகிறேன். கிராம அலுவலர்களும் ஊர் முதியவர்களும் சேர்ந்தால் ஒரே மாரியில் முடிக்கக்கூடிய வேலை அது. மைத்துனர் முற்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இம்முறை கார்த்திகைக் கடைசியில் வருகிறார். மடித்துக் கட்டச் சாரம் ஒன்று கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
முள்ளியவளை.