குழந்தையின்மை: உறுதியான காரணம் ஒருபுறம், ஊகத்துக்கு ஊசி மறுபுறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தையின்மை குறித்துத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'மரபணுக் கோளாறுகளும் நோய் எதிர்ப்பாற்றல் கோளாறுகளும்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதலாவதில் உண்டு, இல்லை என்று பரிசோதனையே பட்டென்று சொல்லிவிடும் காரணங்கள் பல. இரண்டாவதில் உறுதியானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் ஊகமும், அந்த ஊகத்தை நம்பிப் போடப்படும் ஊசியும்தான்.

ஆண்களிடமிருந்து தொடங்குகிறேன். பரிசோதனை தள்ளிப்போவது பெரும்பாலும் அங்கேதான். விந்தில் அணுக்களே இல்லை என்று இரண்டு முறை உறுதியானால், உற்பத்தியே இல்லையா, வழி அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். விந்தின் அளவு 1.5 மி.லி.க்கும் குறைவு, அமிலத்தன்மை, ஃபிரக்டோஸ் இல்லை, ஆனால் எஃப்.எஸ்.எச். (விரையையும் சினைப்பையையும் இயக்க மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன்) அளவும் விரைகளின் அளவும் இயல்பு. இப்படி இருந்தால் விந்துக்குழாய்கள் பிறவியிலேயே உருவாகாமல் போயிருக்கலாம். விரைப்பையின் மேற்புறத்தைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். முறுக்கேறிய நூல் போல விரல்களுக்கிடையே உருள வேண்டிய குழாய் அங்கே இருக்காது. பெரும்பாலும் இதற்குக் காரணம் சி.எஃப்.டி.ஆர். மரபணு மாற்றம். விரையிலிருந்து அணுவை எடுத்து இக்சி முறையில், அதாவது ஒரே அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தி, கருவாக்கலாம். ஆனால் அதற்கு முன் மனைவிக்கும் அதே மரபணுவைப் பார்த்தாக வேண்டும். இருவரிடமும் ஆளுக்கொரு பழுதுபட்ட பிரதி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. வயிற்று ஸ்கேனும் எடுங்கள். சிலருக்கு இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று இருக்காது.

விரை சிறுத்துக் கெட்டியாகி, எஃப்.எஸ்.எச். எகிறியிருந்தால் குரோமோசோம் பரிசோதனை வேண்டும். ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கும் க்ளைன்ஃபெல்டர் நிலை (47,எக்ஸ்எக்ஸ்ஒய்; ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதல்) அப்படித்தான் வெளிப்படும். கூடவே ஒய் குரோமோசோமில், விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏ.இசட்.எஃப். பகுதியின் சிறு இழப்புகளையும் பார்க்க வேண்டும். 'ஏ' அல்லது 'பி' பகுதி முழுதாக இழக்கப்பட்டிருந்தால் விரையை அறுத்துத் தேடுவதில் பயனில்லை. 'சி' பகுதி மட்டும் போயிருந்தால் பலருக்கு அணு கிடைக்கும். ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைகள் எல்லாருக்கும் அதே இழப்பு போகும். இந்த ஒரு ரத்தப் பரிசோதனை அறுவைக்கு முன் நடக்க வேண்டியது. பின்னால் நடந்தால் வெட்டு வீண்.

அணு குறைவு என்றதும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை, விரையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடும்; கொஞ்சநஞ்சம் இருந்த அணுவும் மறையும்.

பரிசோதனை பாழாகும் இடம் பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் மேசை. குரோமோசோம் பார்க்க உயிருள்ள வெள்ளணுக்கள் தேவை. பச்சை மூடிபோட்ட சோடியம் ஹெப்பாரின் குழாயில் எடுத்து, உறையவைக்காமல் அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் சுமார் மூன்று நாள் வளர்த்து, செல் பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயமேற்றி, வழக்கமாக 20 செல்களை எண்ணுவார்கள். கலவை நிலை (சில செல்களில் ஒரு விதமாகவும் மற்றவற்றில் வேறு விதமாகவும் குரோமோசோம்) இருக்கலாம் என்று சந்தேகித்தால் இன்னும் கூடுதலாக எண்ணச் சொல்ல வேண்டும். ஒய் இழப்புக்கோ டி.என்.ஏ. போதும், ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய். இரண்டையும் மாற்றி எடுத்துவிட்டு, 'வளரவில்லை' என்று வரும் அறிக்கைக்கு நோயாளி மறுபடி கை நீட்ட வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு 40 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்று, எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் போனால் குரோமோசோமையும் எஃப்.எம்.ஆர்.1 மரபணுவையும் பார்க்க வேண்டும். பின்னதில் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு 55 முதல் 200 முறை வரை திரும்பத் திரும்ப வந்தால், சினைப்பை சீக்கிரம் ஓய்வதோடு, அடுத்த தலைமுறைக்கு, அறிவுவளர்ச்சியைப் பாதிக்கும் ஃபிரஜைல் எக்ஸ் நோயும் வரலாம். எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே குற்றவாளியாகும் இடமும் இதுவே. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் சினைப்பையைவிட அட்ரினலைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். அது உயிரோடு விளையாடும்.

அடுத்தடுத்துக் கரு கலைந்தால், இத்தகைய தம்பதிகளில் 100க்கு 2 முதல் 5 பேரில், கணவனோ மனைவியோ குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிய நிலையில் இருப்பார். எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. கருவுக்குப் பங்கு பிரிக்கும்போதுதான் கூடுதலும் குறைவும். கலைந்த திசுவையும் பரிசோதிக்கலாம். அதை ஃபார்மலினில் போட்டால் செல்கள் செத்துவிடும், வளர்க்க முடியாது. நுண்ணுயிர் நீக்கிய சலைனில் போட வேண்டும். '46,எக்ஸ்எக்ஸ்' (இயல்பான பெண் குரோமோசோம்) என்று முடிவு வந்தால் அது கருவுடையதா, ஒட்டிவந்த தாயின் திசுவுடையதா என்று கேளுங்கள்.

கருச்சிதைவில் உறுதியான எதிர்ப்பாற்றல் காரணம், ரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாடிகள் உண்டாகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரதம் ஆகிய மூன்று பரிசோதனைகள்; ஒரு முறை இருந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்தும் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி நடக்கும்போது எடுத்தால் முதலாவது தப்பாகக் காட்டலாம். நோய் உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உண்மையிலேயே பலன் தரும். விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடியும் உண்மைதான், குறிப்பாகக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பின் விந்துக்குழாயை மறுபடி இணைத்த ஆண்களிடம். அதற்கு மருந்தைவிட இக்சியே நேர்வழி.

ஆனால் 'என்.கே. செல் (நேச்சுரல் கில்லர், அதாவது 'இயற்கைக் கொலையாளி' எனப்படும் வெள்ளணு) அதிகம், உடம்பு கருவைக் கொல்கிறது' என்பது வேறு கதை. பெயரில் மட்டும்தான் கொலை. கர்ப்பப்பையில் இருக்கும் என்.கே. செல்கள் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் வரும் நாளங்களை அகலப்படுத்த உதவுகின்றன. கையில் எடுத்த ரத்தத்தில் எண்ணும் என்.கே. செல்களைக் கொண்டு கர்ப்பப்பையின் நிலையைச் சொல்ல முடியாது. கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஏற்றும் சிகிச்சை, 1999இல் வெளியான ஆய்வில் பலன் தரவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002இல் அதை ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்றது. திரும்பத் திரும்பக் கரு பதியாதவர்களுக்கு தினம் 10 மி.கி. பிரெட்னிசோன் என்ற ஸ்டிராய்டு கொடுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்விலும் குழந்தை பிறக்கும் விகிதம் கூடவில்லை, குறைப்பிரசவம்தான் கூடியது.

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே வாரக்கணக்கில் ஸ்டிராய்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்படிக்கு,
குரோமோசோம் ஆய்வகப் பணியாளர் ஒருவர்