பென்டிரைவை ஃபார்மேட் செய்யும் முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். ஒரு மாதமாகச் செய்த புராஜெக்டைப் பென்டிரைவில் காணோம். முந்தின நாள் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே செருகி எடுத்ததிலிருந்து எல்லா ஃபோல்டரும் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாகத் தெரிகிறது. சர்வீஸ் கடையில் காட்டினால், "எல்லாம் போச்சு, ஃபார்மேட் அடிக்கணும், 300 ரூபாய் ஆகும்" என்றார்களாம். ஃபார்மேட் செய்தால் பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். நல்லவேளை, அன்றைக்கு அவள் அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை.

எங்கள் கணினி ஆசிரியர் முதலில் பார்த்தது பென்டிரைவின் பிராப்பர்டீஸ். உள்ளே ஒன்றுமே இல்லாதது போலிருந்தாலும் 2 ஜிபி இடம் நிரம்பியிருந்தது. அப்படியென்றால் கோப்புகள் எங்கும் போகவில்லை. இந்த ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. கோப்புகளை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். பிள்ளைகள் பதறிப்போய் அதை டபுள் கிளிக் செய்தால் வீட்டுக் கணினிக்கும் வைரஸ் ஏறிவிடும்.

ஆகவே ஷார்ட்கட்டைத் தொட வேண்டாம். 'திஸ் பிசி'யில் பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் மேலே 'வியூ' மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கை எடுக்க வேண்டும். விண்டோஸ் ஓர் எச்சரிக்கை காட்டும், பயப்பட வேண்டாம். மங்கலாகத் தெரியும் கோப்புகளை மட்டும் கணினியில் காப்பி செய்துகொண்டு, எடுத்த டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். இதற்குப் பிறகு பென்டிரைவைத் தாராளமாக ஃபார்மேட் செய்யலாம்.

டிஃபெண்டர் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருகிறது. அப்டேட்டை நிறுத்தாமல் வைத்திருந்தால் வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். வைரஸ் வருவதற்கு இன்னொரு வழி, கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாகப் போட்ட மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ். பத்துப் பக்கப் புராஜெக்டுக்கு அது எதற்கு? லிப்ரே ஆஃபீஸ் முழுக்க இலவசம், வேர்டு கோப்பையும் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் நகரலாம் என்பதால் பிடிஎஃப் ஒன்றும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கணினி மெதுவாக இருக்கிறது என்று ரேம் மாற்றக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்கிறோமே என்பீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றோர் ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதியைச் சேமித்து வைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். நேற்றைய கோளாறும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும். இது தெரியாமல் நானும் இரண்டு வருடம் என் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தமிழ்ப் புராஜெக்டுகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினியில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத பள்ளிக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கிறது. அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகையும் வந்துவிடும். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

புராஜெக்டை வரும் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். பென்டிரைவில் கொடுத்தாலும் வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். வைரஸ் புகுந்த பென்டிரைவ் ஏதும் இருந்தால் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். கணினி ஆய்வகம் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்