புரட்டாசியில் சோலை நடை: பைனாகுலர் பற்றி ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்ததும் கோத்தகிரிப் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள் வாடகைப் பைனாகுலர் கேட்டு எழுதத் தொடங்கிவிடுவீர்கள். "12 மடங்கு இருக்கிறதா, 20 மடங்கு இருக்கிறதா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. சோலைக்குள் போகிறவர்களுக்கு நாங்கள் 8×42 மட்டும்தான் தருகிறோம். ஏன் என்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு. சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25-இல் அது 2.5 மட்டுமே. தேயிலைத் தோட்டத்து வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலைக்காட்டுக்குள் காலை 7 மணிக்கும் அந்தி வெளிச்சம்தான். கண்ணின் பாவை அங்கே நன்றாக விரிந்திருக்கும். 2.5 மில்லிமீட்டர் ஒளி அதற்குப் போதாது, நிறமே தெரியாமல் பறவை கரிய நிழலாகிவிடும். மடங்கு கூடக் கூடக் கைநடுக்கமும் பெரிதாகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். தேடிப் பிடிப்பதற்குள் பறவை அடுத்த கிளைக்குப் போயிருக்கும்.

பலர் கேட்காமல் விடுவது, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதை. கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையிலிருந்து ஓரடி, ஈரடி உயரத்துப் புதரில்தான் இருக்கும். அசையாமல் நின்றால் நான்கு மீட்டர் தள்ளி வந்து உட்காரும். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கருப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. எட்டு மீட்டருக்கு அப்பால்தான் தெளியும் பெரிய பைனாகுலரில் இது வெறும் மங்கல் பொட்டு. எங்களுடையது 2 மீட்டரிலேயே தெளியும்.

வாங்கியதும் கடை வாசலிலேயே கண்ணுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். எதிரே உள்ள பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன்பின் நாள் முழுக்க நடுச்சக்கரம் போதும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும். ஏற்றி வைத்தால் நடுவில் ஒரு வட்டம்தான் தெரியும். "பைனாகுலர் சரியில்லை" என்று திரும்பி வருவதில் பெரும்பகுதி இந்த இரண்டால்தான்.

இந்த மாதத்துக்கு ஒரு தனிச் சிறப்பு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்கு தொடங்காத இடைவெளி இது. கோத்தகிரி கிழக்குச் சரிவு என்பதால் ஐப்பசி மழை இங்கே கனத்துப் பெய்யும். அதற்குள் வந்துவிடுவது நல்லது. இமயத்திலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வலசை வருபவை இறங்கும் நேரமும் இதுவே. முதலில் வருவனவற்றில் ஒன்று சாம்பல் வாலாட்டி. ஈரமான தார்ச்சாலை, ஓடைக் கல், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு என்று பாருங்கள்: மேலே சாம்பல், அடியில் மஞ்சள், நீண்ட வால் ஓயாமல் மேலும் கீழும் ஆடும். வால் பக்கவாட்டில் ஆடினால் அது கொடிக்கால் வாலாட்டி. இன்னொரு வலசைப் பறவையான பச்சைக் கதிர்க்குருவி கண்ணில் படுமுன் காதில் விழும்.

நீலகிரிச் சிரிப்பான் ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது. இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. புதருக்குள் நாலைந்து பேர் சேர்ந்து சிரிப்பது போலக் கேட்கும். தயவுசெய்து போனில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. பத்து நிமிடம் பேசாமல் நின்றால் தானே வெளியே வரும்.

காலை 6.30-க்கு நடக்கத் தொடங்குங்கள். 10 மணிக்கு மேல் பறவைகள் அடங்கும், மதியத்துக்குப் பிறகு மூடுபனி ஏறும். சோலைக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 116 ஹெக்டேர்தான் பரப்பு. கீழே உள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் தருவது அதுதான். 2024-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நின்றால், அதிலும் தனி ஆண் என்றால், ஓடாமல் வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள்.

அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை வரும் துணி உறை தருகிறோம். கடித்துவிட்டால் உப்பையோ நெருப்பையோ வைக்காதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கசிவு நிற்க நேரமாகும். அழுத்திப் பிடித்துக் கட்டுப்போட்டால் போதும்.

கண்ணாடியில் பனி படிந்தால் வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ துடைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மண்துகள் பூச்சைக் கீறிவிடும். பையிலுள்ள ரப்பர் ஊதியால் முதலில் தூசியை ஊதிவிட்டு, பிறகு கூடவே தரும் துணியால் ஒற்றி எடுங்கள். நனைந்ததை உறைக்குள் அடைத்து வைத்தால் இந்த ஈரக்காற்றில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோடு அப்படியே கையில் கொண்டுவந்து கொடுங்கள், நாங்கள் உலர்த்திக்கொள்கிறோம்.

அன்புடன்,
கடையினர்