ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாங்கும் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே வெருலம், டோங்காட் பகுதிகளில் வீடு வாங்க நம் இளம் குடும்பங்கள் பல முன்வருகின்றன. டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெற்றோர் வீட்டின் பின்கட்டில் குடித்தனம் நடத்தியவர்கள் தங்களுக்கென்று ஒரு வீட்டைத் தேடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களில் பலர் வீட்டை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வீட்டைப் பார்வைக்குத் திறந்து 'ஷோ ஹவுஸ்' பலகை வைத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டு, அந்த வாரத்திலேயே கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். அது பற்றியே இக்கடிதம்.

இந்த விலைக்கு வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் 'ஆஃபர்' படிவத்தில் வாங்குபவர் கையெழுத்திட்டு, விற்பவரும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டால், அந்தத் தாளே இருவரையும் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. 'வெறும் ஆஃபர்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் இதை அறிவதில்லை. ஐந்து வேலை நாட்களுக்குள் மனம் மாறி விலகிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் 250,000 ராண்டுக்கு மேற்படாத சொத்துகளுக்கே தருகிறது. இப்பகுதியில் ஒரு குடும்பம் தேடும் டவுன்ஹவுஸ் அந்த விலையில் கிடைப்பதில்லை. வங்கி பாண்ட், அதாவது வீட்டுக் கடன், கொடுத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனை வழக்கமாகப் படிவத்தில் இருக்கும். ஆனால் பாண்ட் கிடைத்துவிட்ட பிறகு, குழாயில் தண்ணீர் வரவில்லை, அன்றாடப் பயணம் தாங்கவில்லை என்று சொல்லி எவரும் வெளியே வர முடியாது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அவ்வூர் மக்கள் பல மாதங்கள் டேங்கர் லாரிகளுக்காக வாளிகளோடு காத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெருலம் பக்கமும் குழாய் வறண்டுபோவது அதன் பிறகும் தொடர்ந்திருக்கிறது. கடந்த ஆண்டு என் தங்கை மகனுடன் அங்கே ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கூடத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தார்கள். சமையலறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், சுவரோரம் 25 லிட்டர் கேன்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் பிடித்த தேதியை மார்க்கரால் எழுதியிருந்தார்கள். கழிவறையில் ஃப்ளஷ் தொட்டியின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் வாளியும் மக்கும் வைத்திருந்தார்கள். தண்ணீர் எப்படி என்று முகவரிடம் கேட்டோம். 'எல்லா இடத்திலும் உள்ளதுதான், அங்கிள்' என்றார். பக்கத்து வீட்டு அம்மாதான், வாரத்தில் பாதி நாள் இரவில் மட்டுமே குழாயில் தண்ணீர் வரும் என்ற உண்மையைச் சொன்னார். மருமகன் அந்த வீட்டை வேண்டாமென்று விட்டுவிட்டான்.

ஜோஜோ எனப்படும் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வாங்கி வைத்துக்கொண்டால் போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். தனி வீட்டுக்கு அது பொருந்தலாம். டவுன்ஹவுஸ் வளாகத்தில் பொது இடத்தில் தொட்டி வைக்க நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பம்பின் இரைச்சலுக்குப் பக்கத்து வீட்டார் மறுப்புச் சொன்னால் ஒப்புதல் கிடைப்பது கடினம்.

2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வீட்டின் குறைகளை விற்பவர் எழுதிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் முகவர் அந்த வீட்டை விற்க ஏற்றுக்கொள்ளக் கூடாது. விலை கேட்டு வருபவருக்கு அதன் நகலைக் கொடுக்கவும் வேண்டும். இது நல்ல சட்டம். அப்படிவம் கூரை, மின்னிணைப்பு, குழாய்கள், கட்டட அமைப்பு, எல்லை ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறது. அந்தக் குழாய்களில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்று கேட்பதில்லை. கூரை ஒழுகுவதை மறைப்பது தவறென்றால், குடிநீர் வராததைச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பயணம். ஞாயிற்றுக்கிழமை என்2 நெடுஞ்சாலையில் காணும் வேகத்தைத் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எதிர்பார்க்க முடியாது. டோங்காட் டர்பனிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போய்வர 80, மாதத்தில் 22 வேலை நாட்களென்றால் 1,760 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் சிறு காருக்கே மாதம் 140 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 20 ராண்ட் என்று வைத்தாலும் 2,800 ராண்ட் ஆகிறது. கணவனும் மனைவியும் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போனால் இரட்டிப்பு. பலர் ஒரே காரில் செலவைப் பகிர்ந்து போகும் லிஃப்ட் கிளப்பில் சேர்ந்தால் செலவு குறையும். ஆனால் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பிப் பாட்டி வீட்டில் விட்டுச் செல்லும் நிலை மாறாது. வெருலம், டோங்காட் வழியாக ஸ்டாங்கர் வரை ரயில் பாதை இருந்தும், அதை நம்பி நேரத்துக்கு வேலைக்குப் போக முடியாமல் மக்கள் மினிபஸ் டாக்சிகளில் நெருக்கிக்கொண்டு போகிறார்கள்.

இந்தத் தொலைவு நமக்குப் புதிதன்று. மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் நகருக்கு அருகிலிருந்த கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கும் 1976 முதல் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். அச்சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. வேலை இருக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் நீங்கவில்லை. அதைக் குறைக்க வேண்டிய அரசு அமைப்புகள், தண்ணீருக்கும் ரயிலுக்கும் வழி செய்யாமல் இன்னும் வடக்கே புதிய வளாகங்களுக்கு ஒப்புதல் அளிப்பது வேதனை தருகிறது.

வட்டியையும் மறக்கக் கூடாது. வங்கிக் கடன்களுக்கு அடிப்படையாகக் கொள்ளும், 2021இல் 7 விழுக்காடாக இருந்த பிரைம் வட்டி 2023 மே மாதத்தில் 11.75 விழுக்காட்டுக்கு ஏறியபோது, பத்து லட்சம் ராண்டை 20 ஆண்டு பாண்டாக வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 7,750 ராண்டிலிருந்து 10,840 ராண்டுக்கு உயர்ந்தது. வங்கி கொடுக்கும் உச்ச வரம்புவரை கடன் வாங்கியவரால் அதற்குமேல் பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் வளாகப் பராமரிப்புக் கட்டணமான லெவிக்கும் எங்கிருந்து எடுத்துக் கொடுக்க முடியும்?

ஆகவே வீடு பார்க்கப் போகும் இளையோர் ஒரு வேலை நாளில், காலை நெரிசலில் அங்கிருந்து தங்கள் அலுவலகம்வரை ஒருமுறை பயணம் செய்து பார்க்கவும், அண்டை வீட்டார் இருவரிடமாவது தண்ணீரைப் பற்றி விசாரிக்கவும், டவுன்ஹவுஸ் என்றால் வளாகத்தின் கணக்கையும் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டத்தையும் கேட்டு வாங்கவும் வேண்டுகிறேன். குறை தெரிவிக்கும் படிவத்தில் தண்ணீர் வழங்கலைப் பற்றிய கேள்வியைச் சொத்து முகவர்களுக்கான ஒழுங்குமுறை ஆணையம் சேர்க்க வேண்டும். டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி ஒவ்வொரு பகுதியிலும் கடந்த 12 மாதங்களில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை வெளியிட வேண்டும். அவ்விவரம் வெளிவந்தால், அதைத் தமிழில் படிக்கும் முதியவர்களும் தம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் வகையில், தாங்கள் பகுதிவாரியாக அச்சிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஃபீனிக்ஸ், டர்பன்